தோட்டத்துப் படங்களை இணையத்தில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கும் முன்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய தோட்டப் படங்கள் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம்.

எங்கள் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளையும் இடித்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. ஆட்கள் டவுனிலும் ஈப்போவிலும் ஜொகூரிலுமாகச் சிதறிக் கிடக்கிறோம். போன வருடம் ஒன்றுகூடல் வைக்கலாம் என்று முடிவானபோது, வீடு வீடாகப் போய்ப் படம் சேர்த்தவன் நான். மைலோ டின்னிலும் அலமாரியின் அடியிலும் இருந்ததையெல்லாம் நம்பி எடுத்துக் கொடுத்தார்கள். மொத்தம் 2,340. விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வரிசையாக நிற்கும் ரப்பர் வெட்டு ஆட்கள், தீமிதி, துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்குப் பணம் கட்ட நிற்கும் கூட்டம். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் தொட்டில்களுக்கு நடுவே என் அம்மா நிற்கும் படமும் அதில் ஒன்று. இளவயதில் அம்மாவை எடுத்த வேறு படம் எங்களிடம் இல்லை.

டவுனில் ஒரு கணினிக் கடை. ஸ்கேன் செய்து இணையத்திலும் ஏற்றித் தர 1,800 வெள்ளி கேட்டார் கடைக்காரத் தம்பி. நாற்பது குடும்பங்கள் பங்கு போட்டுக் கொடுத்தோம். "ஒவ்வொன்னா ஏத்துனா மாசக் கணக்காகும் அண்ணே. நான் பைத்தான்ல ஒரு புரோகிராம் எழுதி ஃபிளிக்கர்ல மொத்தமா ஏத்திடுறேன். ஒரு டெராபைட் இலவசம்" என்றார். ஃபிளிக்கர் என்பது படங்களைச் சேமித்துப் பகிரும் இணையதளம். நான் அதைச் சரிபார்க்கவில்லை. ஃபிளிக்கர் ஒரு டெராபைட்டை இலவசமாகக் கொடுத்தது 2013-இல். 2018-இல் ஸ்மக்மக் நிறுவனம் அதை வாங்கியது. 2019 முதல் இலவசக் கணக்கில் ஆயிரம் படங்கள்தான். அவர் சொன்ன சலுகை முடிந்து பல வருடம் ஆகியிருந்தது.

இரண்டு வாரத்தில் "எல்லாம் ஏறிருச்சு அண்ணே" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி வந்தது. நானும் நன்றி சொல்லி, அசல் படங்களை அந்தந்த வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் பதினோரு நாள் கழித்து ஒரு அக்கா அழைத்தார். அவர் அழுததில் முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய அம்மாவின் சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுப்பது), எண்ணோடும் முகவரியோடும், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஃபிளிக்கரில் கிடந்தது. படங்களோடு சேர்ந்து வந்த மூன்று சிவப்பு அட்டைகளும் ஒரு பிறப்புப் பத்திரமும் பிரிக்கப்படாமல் அப்படியே ஏற்றப்பட்டிருந்தன. அவற்றை நானாவது முதலிலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

உடனே நீக்கலாம் என்றால் எங்களால் முடியவில்லை. படங்கள் எங்கள் பெயரில் இல்லை, கடைக்காரரின் சொந்தக் கணக்கில் இருந்தன. அவர் கைப்பேசியை எடுக்கவில்லை. மறுநாள் கடை திறக்கும் வரை காத்திருந்து, பக்கத்தில் நின்று நீக்க வைத்தேன். அப்போதுதான் கணக்கில் இருந்த எண்ணிக்கையைப் பார்த்தேன். எங்கள் படங்கள் 888. மீதி 1,452 எங்கே என்று கேட்டால், "அந்தத் தளம் அழிச்சிருச்சு" என்றார்.

அது பொய். என் அக்கா மகள் கோலாலம்பூரில் நிரல் (புரோகிராம்) எழுதும் வேலையில் இருக்கிறாள். ஸ்கேன்களை வைக்க நான் கொடுத்திருந்த வெளி வட்டிலேயே அவருடைய நிரலும் இருந்தது. இருபது வரிகூட இல்லை. அவள் ஒவ்வொரு வரியாக எனக்கு விளக்கினாள், எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

ஃபிளிக்கரோடு பேசுவதற்குப் பைத்தானில் ஃபிளிக்கர்ஏபிஐ என்ற நிரலகம், அதாவது ஆயத்தமாக எழுதி வைத்த நிரல் தொகுப்பு, இருக்கிறது. நல்ல நிரலகம், அதன்மேல் ஒரு குறையும் இல்லை. அது உலாவியைத் திறக்கும்; கணக்குக்கு உரியவர் தானே உள்ளே நுழைந்து, 'எழுதலாம்' என்று அனுமதி கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லை நிரலுக்கோ கடைக்காரருக்கோ சொல்லத் தேவையே இல்லை. அதாவது எங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து, ஐந்து நிமிடம் நான் அவர் கடையில் உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் எங்கள் கையில் இருந்திருக்கும். வேலை முடிந்ததும் கணக்கின் அமைப்புக்குள் போய் அந்த அனுமதியை நாங்களே ரத்து செய்திருக்கலாம்.

ஒரு படம் சரியாக ஏறினால் ஃபிளிக்கர் அதற்கு ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும். ஏறாவிட்டால் ஏன் என்று பிழை எண் வரும். கணக்கு நிறைந்துவிட்டால் அது 6. அவருடைய கணக்கில் ஏற்கெனவே 112 கடை விளம்பரப் படங்கள் இருந்தன. எங்களுடையது 888 ஏறியதும் ஆயிரம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அனுப்பிய ஒவ்வொரு படத்துக்கும் பிழைதான் வந்திருக்க வேண்டும் என்றாள். ஆனால் நிரலில் 'எக்செப்ட்', அதன் கீழ் 'பாஸ்' என்று இரண்டே சொற்கள். பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்ததற்குப் போ என்று அர்த்தம். அதற்கும் அடுத்த வரியில், அனுப்பிய கோப்பை வட்டிலிருந்து அழிக்கும் கட்டளை. ஏறியதா இல்லையா என்று பார்க்காமலே அழிக்கிறது. அந்த வரியை அவள் விரல் வைத்துக் காட்டியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அட்டைகள் வெளியே தெரிந்ததற்கும் காரணம் அதே நிரல்தான். யார் பார்க்கலாம் என்பதைப் படத்தோடு சேர்த்தே அனுப்ப முடியும். அவர் வேண்டுமென்றே 'எல்லோரும்' என்று போட்டிருந்தார். இலவசக் கணக்கில் மறைத்து வைக்க 50 படங்களுக்குத்தான் இடம் என்பதால் அப்படிச் செய்திருப்பார் என்று அவள் நினைக்கிறாள். படத்தைத் தேட உதவும் குறிச்சொற்களும் பாழ். ஃபிளிக்கர் இடைவெளியை வைத்துத்தான் குறிச்சொற்களைப் பிரிக்கும். ஊர்ப் பெயருக்கு மேற்கோள் குறி போடாததால் 'சுங்கை' தனியாகவும் 'சிப்புட்' தனியாகவும் விழுந்திருந்தன.

எனக்கு மனசு ஆறாத இன்னொன்று உண்டு. படங்களின் பின்பக்கத்தை அவர் ஸ்கேன் செய்யவே இல்லை. எங்கள் தோட்டத்துக் கிராணி (அலுவலக எழுத்தர்) அந்தக் காலத்தில் பென்சிலில் பெயர்களை எழுதி வைத்திருந்தார், இடமிருந்து வலமாக, யார் மனைவி, யார் மகன் என்பது வரைக்கும். அந்தப் பெயர்கள் இல்லாவிட்டால் பெரட்டில் நிற்பவர்களை எங்கள் பிள்ளைகளுக்கு யார் அடையாளம் சொல்வது?

அக்கா மகள் மீட்பு மென்பொருளை ஓட்டி அந்த வட்டிலிருந்து 600-க்கு மேல் மீட்டாள். மற்றவற்றின் மேல் கடைக்காரர் வேறு எதையோ பதிந்திருந்தார். மீதிக்கு மறுபடியும் வீடு வீடாக நடக்கிறேன். பெரும்பாலும் கிடைக்கிறது. ஆனால் ஜொகூரில் மகனோடு இருக்கும் ஒரு பாட்டியின் ஆல்பம், நான் திருப்பிக் கொடுத்த பிறகு வெள்ளத்தில் போய்விட்டது. ஆயாக் கொட்டகைப் படம் அந்த ஆல்பத்தில்தான் இருந்தது. மீட்ட 600-இலும் அது இல்லை.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். ரசீதும் புலனச் செய்திகளும் என்னிடம் இருப்பதால்தான் மனு கொடுக்க முடிந்தது. நீங்களும் ரசீது இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். வழக்கு முடியும் வரை கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

இதே போல் யாரிடமாவது கொடுத்திருந்தால், இன்றைக்கே மூன்று விஷயம் கேளுங்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறது? கொடுத்த படம் எத்தனை, ஏறியது எத்தனை? ஒவ்வொரு கோப்புக்கும் ஃபிளிக்கர் கொடுத்த எண் எங்கே? அந்த எண்களை ஒரு பட்டியலில் வைப்பது நிரலில் ஒரே ஒரு வரி வேலை என்கிறாள் அக்கா மகள். பட்டியல் கைக்கு வரும் வரை அசலைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், ஸ்கேனை அழிக்கவும் விடாதீர்கள்.

எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தொட்டில் வரிசைக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட கைலியில் ஒல்லியாக ஒரு பெண் நிற்கும் படம் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே படத்தை நாலைந்து பிரதி போட்டுக் கொடுப்பது அப்போது வழக்கம். இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து உங்கள் கண்முன் ஸ்கேன் செய்துகொள்கிறேன், பின்பக்கத்தையும் சேர்த்து.