மெக்சிகோ சிட்டி மெட்ரோ: 5 பெசோவில் ஊரைச் சுற்றலாம்

மெக்சிகோ சிட்டிக்குப் போகிற நம் ஆட்களில் பலர் ஆப் டாக்ஸியிலேயே ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த ஊரில் பார்த்தே ஆகவேண்டியவற்றில் மெட்ரோவும் ஒன்று. எழுபதைத் தாண்டிய என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதில் சுற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஸ்பானிஷில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்களுக்கு இதைவிட வசதியான ரயில் கிடைப்பது கஷ்டம்.

காரணம், படங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பெயரோடு ஒரு சின்னமும் உண்டு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸுக்கு வடிவமைப்பு செய்த லான்ஸ் வைமன் என்ற அமெரிக்கர்தான் முதல் மூன்று லைன்களுக்குச் சின்னங்களை உருவாக்கினார். மெட்ரோ ஓடத் தொடங்கியது 1969 செப்டம்பர் 4-ஆம் தேதி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அப்போது அந்த ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள்; அவர்களும் யாரையும் கேட்காமல் போய்வர வேண்டும் என்பதுதான் எண்ணம். இன்று 12 லைன், 195 ஸ்டேஷன். புதிதாகக் கட்டியவற்றுக்கும் அதே பாணியில் படம் போட்டிருக்கிறார்கள்.

என் அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு எழுத்து தெரியாது. சோகலோ சதுக்கத்திலிருந்து சாபுல்தேபெக் பூங்காவுக்குப் போக, நீல நிற 2-ஆம் லைனில் ஒரு ஸ்டேஷன் போய் பினோ சுவாரெஸில் இறங்கி, ரோஸ் நிற 1-ஆம் லைனுக்கு மாற வேண்டும். கதவுக்கு மேலே ஒட்டியிருக்கும் லைன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்த அம்மா, பிறகு என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. "இதோ கப்பல் வந்துருச்சு. அடுத்தது தண்ணித்தொட்டி. அப்புறம் பீரங்கி, கழுகு, மணி... வெட்டுக்கிளி வந்ததும் எறங்கணும், அவ்வளவுதானே?" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மணிக்கும் வெட்டுக்கிளிக்கும் நடுவில் செவில்யா, அதற்குப் பழைய நீர்ப்பாலத்தின் வளைவுகள். அது வந்ததுமே எழுந்து, "எந்திரிடி, அடுத்தது நம்மளுது" என்று என்னையும் கிளப்பிவிட்டார். வெளிநாட்டில் ஒரு வயதான பெண் யார் தயவும் இல்லாமல் தனக்கு வழி பார்த்துக்கொள்கிறார் என்றால், அதைவிடப் பெரிய பாராட்டு ஒரு பொதுப் போக்குவரத்துக்கு வேண்டாம்.

பினோ சுவாரெஸில் லைன் மாறும்போது அவசரப்படாதீர்கள். நடைபாதையை ஒட்டி, திறந்த வானத்துக்குக் கீழே ஒரு சிறிய வட்டமான கல்மேடை இருக்கும். ஆஸ்டெக் மக்களின் காற்றுத் தெய்வமான எஹேகாட்டலுக்கு உரியது. 1967-இல் மெட்ரோவுக்காகத் தோண்டும்போது கிடைத்தது. எடுத்துக்கொண்டுபோய் மியூசியத்தில் வைக்காமல் அங்கேயே விட்டு, அதைச் சுற்றி ஸ்டேஷனைக் கட்டினார்கள். டிஃபன் பையும் மொபைலுமாக ஆபீஸ் போகிற கூட்டம் அதைத் தாண்டித்தான் போகிறது. நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றோம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. இந்த ஸ்டேஷனுக்கும் சோகலோவுக்கும் நடுவே தரைக்கு அடியில் ஒரு நடைபாதை உண்டு, அது முழுக்கப் புத்தகக் கடைகள். கால் ஒத்துழைத்தால் அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தை நடந்தே போங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். எவ்வளவு தூரம் போனாலும், எத்தனை லைன் மாறினாலும் 5 பெசோதான். நம் பணத்தில் ஏறக்குறைய 25 ரூபாய். 2013 டிசம்பரில் வைத்த கட்டணம். காகித டிக்கெட் இப்போது கிடையாது. ஸ்டேஷன் கவுண்டரில் 'மொவிலிதாத் இன்டெக்ராதா' கார்டு வாங்கி, பணம் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மெட்ரோபுஸ் பேருந்துக்கும், கேபிள்புஸ் என்கிற கம்பிவடப் பயணத்துக்கும், சோசிமில்கோ போகிற சின்ன ரயிலுக்கும் அதே கார்டு செல்லும். ஒரு கார்டையே ஒருவர் பின் ஒருவராகத் தட்டிவிட்டு இரண்டு பேர் உள்ளே போகலாம். சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

எந்தப் பக்கம் போகிற ரயில் என்பதைக் கடைசி ஸ்டேஷன் பெயரை வைத்துத்தான் எழுதியிருப்பார்கள். ஆகவே உங்கள் லைனின் இரண்டு கோடிப் பெயர்களையும் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். கூட்டத்தில் பின்னால் இருப்பவர் "வா அ பஹார்?" என்று கேட்டால், நீங்கள் இறங்கப் போகிறீர்களா என்று அர்த்தம். இல்லையென்றால் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள். யாரும் இடித்துத் தள்ளாமல் கேட்டுக்கொண்டு போகிற அந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரையும், மாலை ஆறிலிருந்து எட்டு வரையும் வயதானவர்களோடு ஏறாதீர்கள். பந்தித்லான், ஹிதால்கோ மாதிரி மாறும் ஸ்டேஷன்களில் நெரிசல் கடுமையாக இருக்கும், ஜேப்படிக்காரர்களுக்கும் அதுதான் நேரம். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ரயிலின் முன்பக்கப் பெட்டிகளைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள்; பிளாட்பாரத்திலேயே தடுப்பு வைத்துப் பிரித்திருப்பார்கள். நாங்கள் அங்கேதான் ஏறினோம். எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் இல்லை என்பது பெரிய குறை. ஊர் கடல் மட்டத்துக்கு மேலே 2,240 மீட்டர் உயரம், மூன்று மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மெட்ரோபுஸ்தான் நல்லது. ஏர்போர்ட்டின் முதல் டெர்மினலை ஒட்டியே 5-ஆம் லைன் ஸ்டேஷன் இருந்தாலும், பெரிய பெட்டிகளோடு அதில் இறங்க வேண்டாம். டெர்மினலுக்குள்ளேயே முன்பணம் கட்டி எடுக்கும் டாக்ஸி இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2021 மே 3-ஆம் தேதி 12-ஆம் லைனின் மேம்பாலம் இடிந்து 26 பேர் இறந்தார்கள். பராமரிப்பைப் பற்றி ஊர்க்காரர்களுக்கு இருக்கும் கோபம் முழுக்க நியாயமானது. சரிசெய்து 2024 ஜனவரியில் அந்த லைன் முழுவதையும் திறந்துவிட்டார்கள். 1-ஆம் லைனையும் பகுதி பகுதியாக மூடிப் புதுப்பித்தார்கள். அதனால் கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தியோதிவாகான் பிரமிடுகளுக்குக் காசு கொட்டி டூர் எடுக்க வேண்டியதில்லை. 5-ஆம் லைனில் அவுத்தோபுசெஸ் தெல் நோர்த்தே ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே பஸ் நிலையம். உள்ளே எட்டாம் எண் வாசல் பக்கம் போய் "பிராமிதெஸ்" என்று கேட்டு டிக்கெட் வாங்குங்கள், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஓவியர் ஃப்ரிடா காலோவின் நீல வீட்டுக்கு 3-ஆம் லைனில் கொயோகான் ஸ்டேஷன். அங்கிருந்து இருபது நிமிடம் நடை. டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை அந்த வீட்டுக்கும் மானுடவியல் அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை.

பசித்தால் ஸ்டேஷன் வாசலிலேயே தீர்வு. நீல மக்காச்சோள மாவுக்குள் பீன்ஸ் மசியலை வைத்து, உள்ளங்கையில் நீள்வட்டமாகத் தட்டி, கல்லில் சுட்டு, மேலே கள்ளிக் கீற்றும் சீஸும் தூவித் தருவார்கள். த்லாகோயோ என்று பெயர். நம் அடை மாதிரி வயிற்றில் நிற்கும். சைவம் சாப்பிடுபவர்கள் "சின் கார்னே" என்பதோடு நிறுத்தாமல் "சின் மன்தேகா" என்றும் சொல்லுங்கள், பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது அங்கே சகஜம்.

முதல் பயணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறன்று ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள், கூட்டம் குறைவாக இருக்கும், படங்களை நின்று பார்க்கலாம். இரவு பன்னிரண்டு வரை ரயில் உண்டு என்றாலும், பத்து மணிக்கு மேல் நான் டாக்ஸிதான் எடுப்பேன்.