நால்வர் குடும்பத்துக்கு எத்தனை அடி மோட்டார்ஹோம்?

படுக்கை, சமையல், கழிப்பறை வசதிகளோடு ஓடும் வீடான மோட்டார்ஹோமை விற்பவர்கள் வாய் திறந்ததும் சொல்லும் எண் "இதில் ஆறு பேர் படுக்கலாம்" என்பதுதான். குடும்பத்துக்கு ஏற்ற அளவைத் தேர்ந்தெடுப்பதில் அந்த எண்ணைவிடப் பயனற்றது வேறொன்று இல்லை. இரண்டு பெரியவர்களும் பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும் உள்ள எங்கள் குடும்பம், 21 அடி கேம்பர்வேன் (வேனுக்குள் கட்டியது), 25 அடி கிளாஸ் சி (ஓட்டுநர் அறைக்கு மேலேயும் படுக்கை உள்ளது), 34 அடி கிளாஸ் ஏ (பேருந்து வடிவிலானது) ஆகிய மூன்று அளவுகளையும் வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தியது. அந்த அனுபவத்தை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தயாரிப்பாளர்களை ஒப்பிடுவது இதன் நோக்கம் அன்று. ஒரே லாரி சேசிஸை (இன்ஜினும் சக்கரங்களும் கொண்ட அடிச்சட்டத்தை) வாங்கிப் பல நிறுவனங்கள் அதன் மேல் வீட்டைக் கட்டுவதால், பெயர்ப்பலகையைவிட அளவும் உள்ளமைப்புமே வேறுபாட்டைத் தீர்மானிக்கின்றன. என் தீர்ப்பு இது: நால்வருக்கு 24 முதல் 26 அடி வரையிலான கிளாஸ் சி போதும், அதற்குமேல் கூடும் ஒவ்வோர் அடியும் எதையோ விலையாகக் கேட்கிறது.

படுக்கைகளை எண்ணுவதற்கு முன் சீட் பெல்ட்களை எண்ண வேண்டும். ஆறு பேர் படுக்கலாம் என்று விற்கப்படும் வண்டியில் பயணத்தின்போது நான்கு பேர் மட்டுமே முறையாக அமரக்கூடும் என்பது பலருக்கு வாங்கிய பிறகுதான் தெரிய வருகிறது. உணவு மேசையைச் சுற்றியுள்ள இருக்கைகளில் பெல்ட் இருந்தாலும், பக்கவாட்டில் பார்க்கும் இருக்கையில் குழந்தைகளுக்கான கார் சீட்டைப் பொருத்தக் கூடாது. முன்னோக்கிய, உறுதியான சட்டகம் கொண்ட இருக்கை வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் இந்த ஒரு சோதனையிலேயே பல மாடல்கள் தோற்றுவிடுகின்றன.

கேம்பர்வேன் எனப்படும் கிளாஸ் பி, ராம் புரோமாஸ்டர், மெர்சிடீஸ் ஸ்பிரின்டர், ஃபோர்டு டிரான்சிட் போன்ற சரக்கு வேன்களின் உடலுக்குள்ளேயே கட்டப்படுவது. ஓட்டுவதற்கு இதற்கு இணை இல்லை. நகரத் தெருவிலும் கடை வாசலிலும் பெரும்பாலும் சிரமமின்றி நிறுத்தலாம். எரிபொருளும் மற்ற இரண்டைவிடக் குறைவு. ஆனால் உள்ளே அகலம் ஏறத்தாழ 6 அடிதான். குளியலும் கழிப்பறையும் ஒரே பெட்டி என்பதால் ஒருவர் குளித்து முடித்ததும் கழிப்பறை முழுவதும் ஈரமாகிவிடும். சில மாடல்களில் கூரையை உயர்த்தினால் பிள்ளைகளுக்கு மேலே ஒரு படுக்கை கிடைக்கும். அதன் சுவர் துணி என்பதால் குளிரும் இரைச்சலும் தாராளமாக உள்ளே வரும். வெயில் நாளில் எல்லோரும் வெளியே இருப்பதால் இந்தக் குறைகள் எதுவும் உறுத்துவதில்லை. நாள் முழுவதும் மழை பெய்தால், ஒருவர் எழுந்து நிற்க மூவர் இடம் மாற வேண்டியிருக்கிறது. இருவருக்கு இது மிகச் சிறந்த வண்டி. ஒரு சிறு குழந்தையுடன் சமாளிக்கலாம். நால்வருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிளாஸ் சி வண்டியை, ஓட்டுநர் அறைக்கு மேலே முன்னோக்கி நீண்டிருக்கும் படுக்கையைக் கொண்டே அடையாளம் காணலாம். அந்தப் படுக்கை பிள்ளைகளுக்குப் பெரும் கொண்டாட்டம். ஆனால் அதற்கு எடை வரம்பு உண்டு; 6 வயதுக்கு உட்பட்டவர்களை உயரப் படுக்கையில் படுக்க வைக்கக் கூடாது என்ற பொதுவான பாதுகாப்பு விதியும் இதற்குப் பொருந்தும். எங்களுக்கு இந்த அளவு பிடித்துப்போனதற்கு உண்மையான காரணம், பின்பக்கத்தில் நிரந்தரப் படுக்கை இருந்ததுதான். உணவு மேசையை இரவுதோறும் படுக்கையாக மாற்றும் அமைப்பு கடையில் பார்க்கும்போது சாமர்த்தியமாகத் தோன்றும். நடைமுறையிலோ, பிள்ளைகள் எட்டு மணிக்கு அதில் உறங்கிவிட்டால் பெரியவர்களுக்கு உட்கார இடமே இராது. காலையில் அவர்கள் எழும்வரை காபிக் கோப்பையை வைக்கவும் மேசை கிடைக்காது. யாருடைய படுக்கையையும் பிரித்து மடிக்காமல் குடும்பம் முழுவதும் உறங்க முடியுமா என்பதே என் முதன்மையான அளவுகோல். 25 அடி வண்டி அதில் தேறியது.

அப்படியானால் 31 அடி கிளாஸ் சி இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். இங்கேதான் எடை குறுக்கிடுகிறது. வட அமெரிக்காவில் பல கிளாஸ் சி வண்டிகளின் அடித்தளமாக உள்ள ஃபோர்டு ஈ-450 சேசிஸின் மொத்த எடை வரம்பு 14,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 6,580 கிலோ. மேலே கட்டப்படும் வீடு 24 அடியானாலும் 31 அடியானாலும் அந்த வரம்பு மாறுவதில்லை. வீடு நீள நீள, அதன் எடை கூடக் கூட, உங்களுக்கும் உங்கள் பொருள்களுக்கும் எஞ்சும் எடை குறைகிறது. அதிக அலமாரிகள் உள்ள பெரிய வண்டியில் அவற்றை நிரப்புவதற்கான அனுமதி குறைவாக இருக்கும் வேடிக்கை இப்படித்தான் நிகழ்கிறது. வாசற்கதவின் அருகே ஒட்டப்பட்டிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில், பயணிகளும் பொருள்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். அது 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு 250 கிலோவும், 150 லிட்டர் தண்ணீருக்கு 150 கிலோவும் போனால் எஞ்சுவது 200 கிலோ. உடைகள், உணவு, பாத்திரங்கள், மடக்கு நாற்காலிகள், சைக்கிள்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஐரோப்பாவில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. சாதாரண பி பிரிவு ஓட்டுநர் உரிமத்தின் வழக்கமான எல்லையான 3,500 கிலோவுக்குள் அடக்குவதற்காக, வெறும் 20 லிட்டர் தண்ணீரை மட்டும் கணக்கில் வைத்து வண்டியின் எடையைக் காட்டும் வழக்கம் அங்கே உண்டு. விளம்பரத் தாளில் உள்ள எடையை நம்பாமல், குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றி எடை மேடையில் நிறுத்திப் பார்ப்பதே சரி.

நீளத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் பகுதி அதிகமானால், வளைவில் திரும்பும்போது வாலின் நுனி எதிர்ப்புறமாக வீசிப் பக்கத்தில் நிற்கும் கம்பத்தையோ காரையோ தட்டும். பலத்த காற்றிலும் வண்டி தள்ளாடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் குறைவாகவும் உடல் நீளமாகவும் இருக்கும் வண்டிகளைத் தவிர்ப்பது நல்லது.

தண்ணீர்த் தொட்டியை யாரும் அளவோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. நிமிடத்துக்கு 7 லிட்டர் ஓடும் ஷவரில் நால்வரும் ஐந்தைந்து நிமிடம் குளித்தால் 140 லிட்டர். இந்த அளவு வண்டிகளில் அது கழிவுநீர்த் தொட்டியை ஏறக்குறைய நிரப்பிவிடும். நன்னீர் தீர்வதற்கு முன்பே கழிவுநீர்த் தொட்டி நிரம்பி முகாமைவிட்டுக் கிளம்ப வேண்டியிருப்பது, நான்கு பேர் உள்ள குடும்பங்களின் வழக்கமான அனுபவம்.

கிளாஸ் ஏ என்பது பேருந்து வடிவம். நாங்கள் எடுத்த 34 அடி வண்டியில் தனிப் படுக்கையறை, பிள்ளைகளுக்கு அடுக்குப் படுக்கை, குளியலறைக்குத் தனிக்கதவு என எல்லாம் இருந்தன. நின்றபின் அது உண்மையிலேயே ஒரு வீடு. இரண்டு ஏசி இயங்கும் இத்தகைய பெரிய வண்டிகள் பெரும்பாலும் 50 ஆம்பியர் மின் இணைப்பைக் கேட்கும். அது 12,000 வாட் வரை தரும். சிறிய வண்டிகளுக்கான 30 ஆம்பியர் இணைப்பு 3,600 வாட்தான் தரும். முகாமில் 30 ஆம்பியர் மட்டுமே இருந்தால் ஒரு ஏசியை அணைத்துவிட்டே மின் அடுப்பைப் போட வேண்டும். நிறுத்திவிட்டுப் பால் வாங்கப் போவதென்றால் முழு வீட்டையும் நகர்த்த வேண்டும், அல்லது பின்னால் ஒரு காரை இழுத்துச் செல்ல வேண்டும். ஓரிடத்தில் வாரக்கணக்கில் தங்குபவர்களுக்கு இது நியாயமான தேர்வு. இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாறும் விடுமுறைக்கு இது களைப்பையே தருகிறது.

போக விரும்பும் இடமும் அளவை வரையறுக்கும். அமெரிக்க மாநிலமான மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் உள்ள கோயிங்-டு-த-சன் மலைச்சாலையின் நடுப்பகுதியில், பம்பர்களையும் சேர்த்து 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நான் பரிந்துரைக்கும் வண்டியும் அங்கே நுழைய முடியாது. முகாமில் விட்டுவிட்டு வேறு வாகனத்தில்தான் போக வேண்டும். மலைப்பாதைகளே உங்கள் விருப்பமென்றால் கேம்பர்வேனின் நெருக்கடியைப் பொறுத்துக்கொள்ள அது ஒரு காரணம். மாடல் பெயரில் உள்ள எண்ணை நீளமென்று நம்ப வேண்டாம். 22 என்று பெயர் கொண்ட வண்டி 24 அடி இருக்கக்கூடும்.

இழுத்துச் செல்லும் டிரெய்லரைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அங்கே அளவைத் தீர்மானிப்பது உங்கள் காரே. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு காரின் இழுவைக் கொக்கியின் மேல் இறங்கி, காரின் சுமை வரம்பில் சேரும். 3,000 கிலோ டிரெய்லர் என்றால் அது 300 முதல் 450 கிலோ. காருக்குள் அமரும் குடும்பத்தின் எடையும் அதே சுமை வரம்பிலிருந்துதான் கழியும் என்பதால், இழுக்கும் திறன் மிச்சமிருக்கும்போதே சுமை வரம்பு தீர்ந்துபோகிறது.

வாங்கும் முன் குடும்பம் முழுவதும் கடைக்குச் சென்று, பக்கவாட்டில் வெளியே நீளும் அறைகளை உள்ளே இழுக்கச் சொல்லிவிட்டு ஏறிப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையோரம் அரைமணி நேரம் நிறுத்தும்போது வண்டி அந்த நிலையில்தான் இருக்கும். கழிப்பறைக் கதவு திறக்கிறதா, ஃபிரிட்ஜை எட்ட முடிகிறதா, பிள்ளைகள் தங்கள் இருக்கையிலிருந்து இறங்கி நிற்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அவரவர் படுக்கையில் அவரவர் கால் நீட்டிப் படுத்தும் பாருங்கள். அடுக்குப் படுக்கைகள் பல 6 அடிக்குக் குறைவு, பத்து வயதில் பொருந்தும் பிள்ளைக்குப் பதினைந்து வயதில் பொருந்தாது. நாங்கள் பார்த்த ஒரு 29 அடி வண்டி, அறைகளை விரித்த நிலையில் நாங்கள் வாடகைக்கு எடுத்த மூன்றையும்விட விசாலமாக இருந்தது. உள்ளே இழுத்ததும் படுக்கையறைக்குப் போகும் வழியே அடைபட்டது.