ருத்தேனியமா, அயோடினா, புரோட்டானா: கண் மெலனோமாவுக்கு எது?

குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா கதிருக்கு எளிதில் கரையும். வெளிக்கதிர் சிகிச்சை வழக்கில் இருந்த காலத்தில், தினம் 2 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) வீதம் 45 கிரே கொடுத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். பெரியவர்களுக்கு விழித்திரையின் பின்னால், கோராய்டு என்னும் ரத்தக்குழாய் அடுக்கில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய் லேசில் மசியாது. கதிர்விடும் தகட்டைக் கண்ணில் வைத்தால், அதன் உச்சிக்குச் சுமார் 85 கிரே போய்ச் சேரவேண்டும். சிறு சிறு சேதத்தை அந்தச் செல்கள் தாமே பழுதுபார்த்துக்கொள்கின்றன.

ஆனால் சிகிச்சைக்குப் பின் வளரும் எல்லாக் கட்டியையும் 'கதிரை எதிர்க்கிற கட்டி' என்று முத்திரை குத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. பல சமயம் கதிர் போதுமான அளவு போய்ச் சேர்ந்திருக்காது. அதனால்தான் கருவியைத் தேர்ந்தெடுப்பது இவ்வளவு முக்கியம்.

கண்ணின் வெள்ளைப் பகுதியில் தைத்துவைக்கும் இந்தத் தகடுகளில் முக்கியமாக இரண்டு வகை. ருத்தேனியம்-106 விடுவது பீட்டா கதிர். சில மில்லிமீட்டரிலேயே வலுவிழந்துவிடும். 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு உட்பட்ட கட்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான், சுற்றியுள்ள பார்வைப் பகுதி பிழைக்கும். அதே குணம்தான் அதன் பலவீனமும்: உயரமான கட்டியின் உச்சி தப்பிவிடும், தகடு சற்று விலகினாலும் ஓரம் தப்பிவிடும். அயோடின்-125 இன்னும் ஆழம் போகும். 1987 முதல் 1998 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,317 பேரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். கண்ணை எடுத்தவர்களும் அயோடின் தகடு வைத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் உயிர்பிழைத்தார்கள். கண்ணைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெம்பு தரும் முடிவு வேறில்லை. ஆனாலும் தகடு வைத்தவர்களில் சுமார் 10% பேருக்கு ஐந்தாண்டுக்குள் சிகிச்சை தோற்றது. பலருக்குப் பார்வையும் மங்கியது.

பார்வை நரம்பை ஒட்டிய கட்டிக்குத் தகட்டைச் சரியாகப் பொருத்துவது கடினம். அங்கே 1975இல் பாஸ்டனில் தொடங்கிய புரோட்டான் கற்றை முந்துகிறது. டான்டலம் என்னும் உலோகத் துண்டுகளைத் தைத்து கட்டியின் எல்லை குறித்து, நான்கைந்து நாளில் 60 முதல் 70 கிரே கொடுப்பார்கள். கற்றை குறித்த ஆழத்தில் நின்றுவிடும். முன்புறமாக நுழைவதால் இமையும் கண்ணீர்ச் சுரப்பியும் பாதிக்கப்படலாம்.

எதைச் செய்தாலும் கட்டி மெதுவாகத்தான் சுருங்கும், மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். அதை எதிர்ப்பு என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். அல்ட்ராசவுண்டில் உயரம் கூடினாலோ, ஓரத்தில் புதிதாகத் தலைதூக்கினாலோதான் மருத்துவரிடம் கேட்கவேண்டும்: கதிர் அங்கே எட்டியதா?