பெல்வெடேரேயா, கெசிபோவா?

உட்கார்ந்து இளைப்பாறவும் காட்சி காணவும் எழுப்பும் இந்தக் கட்டடங்கள் இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் பலர். பெல்வெடேரே இத்தாலியச் சொல். ‘பெல்’ என்றால் அழகிய, ‘வெடேரே’ என்றால் காண்பது. பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது: காட்சி எங்கே விரிகிறதோ அங்கேதான் அதைக் கட்ட வேண்டும். கூரைமேல் எழும் சிறு மாடமாக இருக்கலாம், குன்றின் மேல் தனித்து நிற்கும் மண்டபமாகவும் இருக்கலாம். வியன்னாவில் 1723-இல் கட்டி முடிக்கப்பட்ட, ‘மேல் பெல்வெடேரே’ என்ற பெயருள்ள கட்டடம் ஒரு முழு அரண்மனை! சரிந்திறங்கும் தோட்டத்தைத் தாண்டி, நகரத்தின் கோபுரங்கள் வரை அங்கிருந்து பார்வை ஓடுகிறது.

கெசிபோ தோட்டத்துக்குள்ளேயே அடங்குவது. பெரும்பாலும் எண்கோண வடிவில், சுற்றிலும் திறந்த நிழற்குடில். உட்கார்ந்து பேச அது போதும். ஆனால் மேடான இடமும் தொலைவுக் காட்சியும் வாய்த்திருந்தால், தயங்காமல் பெல்வெடேரேயையே தேர்ந்தெடுப்பேன்.