யூரோ 6 வண்டிக்கு லீஷர் பேட்டரி பொருத்தப் போகிறீர்களா? 1,850 பவுண்டு இழந்தவனின் எச்சரிக்கை

இங்கிலாந்தில் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) வைத்திருப்பவர்களும் வாங்க எண்ணியிருப்பவர்களும் இதைப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஓடும் எஞ்சினிலிருந்து மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்நேட்டரிலிருந்தே லீஷர் பேட்டரி (வண்டிக்குள் விளக்கு, குளிர்பெட்டி போன்றவற்றுக்கான தனி பேட்டரி) சார்ஜ் ஆகும்படி செய்து தருவதாகச் சொன்ன ஒரு பட்டறைக்கு 1,850 பவுண்டு கொடுத்துவிட்டு, உருகிய ஃபியூஸ் தாங்கியோடு இந்த வாரம் வீடு திரும்பியிருக்கிறேன். விவகாரம் முடியாததால் பெயரைச் சொல்லவில்லை. வேன்களை மோட்டார்ஹோம்களாக மாற்றித் தரும் பட்டறை அது. வேலைக்காரர்களுக்கு நட்சத்திரம் கொடுத்துப் பட்டியலிடும் ஓர் இணையதளம் காட்டியது. வேலையை ஒப்படைக்கும் முன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் வண்டி 2018 ஃபோர்டு டிரான்சிட். யூரோ 6 என்ற ஐரோப்பிய வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வெளிவந்த இத்தகைய வண்டிகளில் ஆல்டர்நேட்டர், பழைய வண்டிகளில் இருப்பதைப் போல, எந்நேரமும் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருப்பதில்லை. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக வண்டியின் கணினி அதைச் சுமார் 12.5 வோல்ட்டுக்குத் தணித்துவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், வீணாகும் வேகத்தை மின்சாரமாகப் பிடித்துக்கொள்வதற்காக 15 வோல்ட் வரை உயர்த்தும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து பேட்டரிக்குத் தேவையான 14.4 வோல்ட்டைச் சீராகக் கொடுக்க இடையில் ஒரு டிசி-டிசி சார்ஜர் இருந்தே ஆக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டுதான் பட்டறைக்குப் போனேன். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், கூலி எல்லாம் சேர்த்து 1,850 பவுண்டு என்று உரிமையாளர் குறுஞ்செய்தியிலேயே உறுதி கொடுத்தார்.

வண்டியை எடுக்கப் போன காலையில் அவர் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் கொதிக்கிறது. நான் கேட்காமலே மீட்டரை எடுத்து வந்து, குளிர்ந்து கிடந்த எஞ்சினை இயக்கி, லீஷர் பேட்டரியின் முனைகளில் வைத்து, 14.4 என்று எண் தெரிந்ததும் மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "நீங்களே பாருங்கள், இனி வண்டி ஓடினால் போதும்" என்றார். இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டி ஏற்கெனவே திருகாணி போட்டு மூடப்பட்டிருந்தது. எஞ்சின் புதிதாக இயங்கத் தொடங்கிய சில நிமிடங்களுக்கு எந்த ஆல்டர்நேட்டரும் அப்படித்தான் காட்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. வங்கிப் பரிமாற்றமாகக் கொடுத்தால் கணக்கு எழுத வசதி என்று அவர் சொல்ல, 1,850 பவுண்டையும் அங்கேயே அனுப்பினேன்.

ஸ்காட்லாந்துக்குப் போகும் வழியில், எம்6 நெடுஞ்சாலையில் ஷாப் மேட்டில் ஏறும்போது பேட்டரியின் கண்காணிப்புத் திரை கழித்தல் குறியோடு 11 ஆம்பியர் காட்டியது. குளிர்பெட்டியும் விளக்குகளும் அணைந்திருந்தும் லீஷர் பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே போய்க்கொண்டிருந்தது. மேட்டைக் கடந்து பென்ரித் பக்கம் இறங்கத் தொடங்கியதும் அதே திரை 70 ஆம்பியருக்கு மேல் தாவியது. சற்று நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது.

பென்ரித்தில் ஒரு வாகன மின்பணியாளர் பெட்டியைத் திறந்து காட்டினார். டிசி-டிசி சார்ஜரே அங்கே இல்லை. இருந்தது, சில பத்துப் பவுண்டுக்குக் கிடைக்கும், இருபுறமும் வோல்ட்டேஜ் பார்க்கும் ஒரு ரிலே, அதாவது இரண்டு பேட்டரிகளையும் தானாக இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச். 13.3 வோல்ட்டில் இணைந்து 12.8 வோல்ட்டில் பிரியும் சாதனம் அது. லித்தியம் பேட்டரி ஓய்விலேயே 13 வோல்ட்டுக்கு மேல் நிற்பதால், ஆல்டர்நேட்டர் தணிந்த பிறகும் அந்த ரிலே பிரியாமல் இருந்துவிட்டது. என் லீஷர் பேட்டரி வண்டியின் முன்விளக்குக்கும் மின்விசிறிக்கும் தீனி போட்டிருக்கிறது. இறக்கத்தில் தலைகீழாக அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்திருக்கிறது. 50 ஆம்பியர் மட்டுமே தாங்கக்கூடிய 6 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 80 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தார்கள், அதாவது ஃபியூஸ் போவதற்கு முன் கம்பி எரிய வேண்டும் என்ற ஏற்பாடு! தாங்கியின் ஒரு பக்கம் பழுப்பாகி, உருகி, ஃபியூஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் என் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

பட்டறைக்குத் தொலைபேசியில் பேசியபோது, புதிய பேட்டரி பழகுவதற்குக் கொஞ்சம் ஓட்ட வேண்டும் என்று முதலில் சொன்னார்கள். படங்களை அனுப்பியதும், கெட்டில் போட்டீர்களா என்று விசாரித்தார்கள். கெட்டில் போட்டால் சார்ஜர் ரிலேயாக மாறிவிடுமா என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. பிறகு ஆல்டர்நேட்டரில் கோளாறு இருக்கும், டீலரிடம் போங்கள் என்றார்கள். கடைசியாக, அந்த வேலையைச் செய்தவர் இப்போது எங்களிடம் இல்லை என்று ஒரு வரி வந்தது. இணையதளக்காரர்களோ, தாங்கள் அறிமுகம் செய்து வைப்பவர்கள் மட்டுமே என்று எழுதிவிட்டு, நான் போட்ட ஒற்றை நட்சத்திர மதிப்புரையைப் பரிசீலனைக்கு என்று மறைத்துவிட்டார்கள். அந்தப் பட்டறையின் ஐந்து நட்சத்திரங்கள் மட்டும் எந்தப் பரிசீலனையும் இல்லாமல் மின்னிக்கொண்டிருக்கின்றன.

சொன்ன பொருளும் வராமல், முறையான வேலையும் நடக்காமல் 1,850 பவுண்டு போயிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டிக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவேன்.

விரிவாக எழுதும் மனநிலை இப்போது இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெட்டியை மூடும் முன் சார்ஜரை உங்கள் கண்ணால் பாருங்கள். அதன் மாடல் எண் பில்லில் இருக்கட்டும். நின்ற இடத்தில் காட்டும் மீட்டரை நம்பாமல், அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு ஆம்பியரைப் பாருங்கள். கம்பியின் தடிமனையும் ஃபியூஸின் அளவையும் கேளுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான வேலைக்கு கிரெடிட் கார்டில் கட்டினால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமே பணத்தைக் கேட்கலாம். வங்கிப் பரிமாற்றத்துக்கு அந்த வழி கிடையாது.