ஹெக்கல், தெஃபே பச்சை, அலென்கேர் பழுப்பு: குஞ்சு எடுக்க எந்த வைல்டு டிஸ்கஸ்?

தொட்டியில் பிறந்த நிறவகை டிஸ்கஸ் அலங்கார மீன்களைச் சில ஆண்டுகள் வளர்த்து, குஞ்சும் எடுத்துப் பழகியவர்கள், ஒரு கட்டத்தில் அமேசான் படுகையில் பிடிக்கப்பட்டு வரும் வைல்டு டிஸ்கஸ்களின் பக்கம் திரும்புகிறார்கள். அப்போது அவர்கள் முன் நிற்கும் முக்கியத் தெரிவுகள் மூன்று: ரியோ நெக்ரோ ஆற்றின் ஹெக்கல், தெஃபே ஏரிப் பகுதியின் பச்சை, அலென்கேர் பகுதியின் பழுப்பு. மூன்றுமே கண்ணைப் பறிப்பவை என்பதால் பலர் படத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். குஞ்சு எடுப்பதுதான் நோக்கம் என்றால், நம் வீட்டில் நாள் தவறாமல் எந்தத் தண்ணீரைத் தயாரிக்க முடியும் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியையே சுற்றிச் செல்கிறது.

முதலில் அடையாளம். ஹெக்கல் என்பது 1840-இல் சிம்ஃபைசோடான் டிஸ்கஸ் என்ற பெயரில் இவ்வினத்தை விவரித்த வியன்னா அறிஞர் யோஹான் யாகோப் ஹெக்கலின் பெயர். உடலில் ஓடும் ஒன்பது செங்குத்துப் பட்டைகளில், கண்ணைக் கடக்கும் முதற்பட்டையும் வாலடியில் உள்ள ஒன்பதாம் பட்டையும் அழுத்தமாக இருக்க, நடுவிலுள்ள ஐந்தாம் பட்டை அகன்று கருத்து நிற்பதே இதன் முத்திரை. பச்சை வகையில் பட்டைகள் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். நல்ல மீன்களில் குதத்துடுப்பிலும் உடலிலும் செம்புள்ளிகள் தெறித்திருக்கும். பழுப்பு வகை மஞ்சள் கலந்த பழுப்பிலிருந்து செங்கல் சிவப்பு வரை வேறுபடும். நீல வகைகளும் இதன் நெருங்கிய உறவுகளே. அறிவியல் பெயர்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. பச்சையை டார்ஸூ என்றும் பழுப்பை ஈக்விஃபேசியேட்டஸ் என்றும் 2006-இல் ஓர் ஆய்வுக்குழு அழைக்க, 2007-இல் இன்னொரு குழு பச்சையையே ஈக்விஃபேசியேட்டஸ் என்றும் நீலம், பழுப்பு இரண்டையும் ஹரால்டி என்றும் அழைத்தது. ஆகவே விலைப்பட்டியலில் உள்ள லத்தீன் பெயரை வைத்து மீன் வாங்கினால் ஏமாற்றம் நேரலாம். எந்த ஆறு, எந்த ஏரி, எந்த ஊர் என்று கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

இனி தண்ணீர். ரியோ நெக்ரோவின் நீர் தேயிலைச் சாறு போலக் கறுத்தது; அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 4 முதல் 5 வரை. கரைந்த உப்பு மிக அற்பம் என்பதால் மின்கடத்துதிறன் 10 மைக்ரோசீமென்ஸ் அளவிலேயே நிற்கிறது. தெஃபேயின் நீரும் கறுத்த வகைதான், ஆனால் அவ்வளவு கடுமையான அமிலம் அன்று. பிரேசிலின் பாரா மாநிலத்தில் சாந்தரேம் நகருக்கு எதிர்ப்பக்கம் உள்ள அலென்கேர் சுற்றுவட்டாரத்தின் நீர்நிலைகளோ தாழ் அமேசானின் பெருவெள்ளத்தோடு கலப்பவை; அவற்றில் வாழும் மீன் சற்றுக் கூடுதலான உப்பையும் நடுநிலைக்கு அருகிலான பி.எச்.சையும் பொறுத்துக்கொள்ளும். பெரிய மீன்கள் மூன்று வகையிலும் இதைவிடக் கடினமான தண்ணீரில் உயிரோடிருக்கும்; நன்றாகச் சாப்பிடவும் செய்யும். சிக்கல் முட்டையில்தான். நீரில் சுண்ணச்சத்து மிகுந்தால் கருவுறுதல் குறைகிறது, முட்டை பொரிவதும் தடைப்படுகிறது. எத்தனை முறை இட்டாலும் வெள்ளையாகிப் பூஞ்சை பிடிக்கும் முட்டைகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சென்னையில் வளர்ப்பவர் இதைத் தம் குழாய்த் தண்ணீரோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் மொத்த அளவு) 1,200 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல பகுதிகளில் இது அரிதான அளவன்று. 95 விழுக்காடு உப்பை நீக்கும் ஒரு நல்ல ஆர்.ஓ. கருவி அதை 60-க்குக் கொண்டுவரும்; மின்கடத்துதிறன் கணக்கில் இது சுமார் 120 மைக்ரோசீமென்ஸ். அலென்கேர் பழுப்புக்கு இந்தத் தண்ணீர் அப்படியே போதும். பச்சைக்கு இதைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஹெக்கலுக்கு 30 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இறக்க வேண்டும். அதற்கு அயனி நீக்கும் பிசின் நிரப்பிய குழல் ஒன்றையும் ஆர்.ஓ.வுக்குப் பின்னால் சேர்க்காமல் வழியில்லை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றும் வீட்டுக் கருவிகளை வைத்துக்கொண்டு, கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் இதைச் செய்வது மனத்தை உறுத்தும் காரியம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை இங்கே உண்மையான உதவி. முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்தடுத்த மழைகளைச் சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பில் வழித்து டிரம்மில் சேர்த்தால், ஆர்.ஓ. நீரைவிட மென்மையான தண்ணீர் கிடைக்கும். மொட்டைமாடியில் விழுந்து குழாய் வழியே இறங்கும் மழைநீர் சிமெண்டைத் தொட்டு வருவதால் அதில் சுண்ணம் ஏறியிருக்கும், அது வேண்டாம்.

ஹெக்கலை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தேன். தொட்டிக்கு அதைவிடக் கம்பீரமான மீன் எனக்குத் தெரியாது. ஆனால் குஞ்சு எடுக்க அதைவிடக் கடினமான டிஸ்கஸும் இல்லை. ஜோடி சேர்வதே தாமதம். சேர்ந்தாலும் ஆற்றின் நீர்மட்டம் ஏறுவதை நினைவூட்டும் மாற்றம் இல்லாமல் முட்டையிடத் தயங்கும். இயற்கையில் நீர் வற்றும் காலத்தில் டிஸ்கஸ்கள் கரையோரம் விழுந்துகிடக்கும் மரக்கிளைகளுக்கிடையே கூட்டமாக ஒதுங்குகின்றன. வெள்ளம் ஏறத் தொடங்கும்போது பிரிந்து இனம்பெருக்குகின்றன. தொட்டியில் இதைப் பாவனை செய்ய, சில வாரங்கள் நீர்மட்டத்தைத் தாழ்த்தி, வெப்பத்தை 30 பாகைக்கு மேல் வைத்து, பிறகு இரண்டு பாகை குளிர்ந்த மிக மென்மையான நீரை அடுத்தடுத்த நாட்களில் நிறைய ஊற்ற வேண்டும். என் ஜோடி இப்படி நான்கு முறை முட்டையிட்டது. நான்கு முறையும் ஒன்றுகூடப் பொரியவில்லை.

இன்னொரு ஆபத்தையும் அப்போதுதான் கற்றேன். பி.எச். 5-க்கு அருகில் வடிகட்டியின் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய செயலற்றுப் போகின்றன. கழிவு நீங்காமல் சேர்ந்துகொண்டே போனாலும், அமில நீரில் அது நச்சுக் குறைந்த அம்மோனியமாகவே இருப்பதால் மீன் நன்றாகவே தோன்றும். அந்த நிலையில் பி.எச். உயர்ந்த தண்ணீரை அவசரத்துக்கு ஊற்றினால், அத்தனையும் அம்மோனியாவாக மாறி சில மணி நேரத்தில் தொட்டியே காலியாகிவிடும். ஹெக்கல் வளர்ப்பவரிடம் அதே பி.எச்.சில் தயாரித்து வைத்த நீர் எப்போதும் ஒரு டிரம் கையிருப்பில் இருந்தாக வேண்டும்.

பச்சை ஹெக்கலுக்கும் பழுப்புக்கும் நடுவில் நிற்கிறது. நீரை 50, 60 மைக்ரோசீமென்ஸுக்கு இறக்கி, பீட் எனும் மக்கிய பாசியை அல்லது பழுத்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலைகளைப் போட்டு பி.எச்.சை 5.5-க்குக் கொண்டுவந்தால் பொரிக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. ஆனால் இது பயந்த மீன். அறையில் ஆள் நடமாட்டம் அதிகமிருந்தால் முட்டையைத் தின்றுவிடும். குஞ்சுகளின் செம்புள்ளி தெளிவாகத் தெரிய நெடுங்காலம் ஆகும் என்பதால் பொறுமையும் வேண்டும்.

பழுப்பிடம் இத்தனை நிபந்தனைகள் இல்லை. முதல் முயற்சிக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். ஆறு மீன்களை ஒரு 400 லிட்டர் தொட்டியில் ஒன்றாக வளர்த்து, தாமாக ஜோடி சேர்ந்து ஒரு மூலையைக் காவல் காக்கத் தொடங்கியபின், சுமார் 150 லிட்டர் வெற்றுத்தரைத் தொட்டிக்கு ஸ்பான்ஜ் ஃபில்டரோடும், முட்டையிடுவதற்கான மண் கோனோடும் மாற்றினால் போதும். வெளித்தோற்றத்தில் ஆண் பெண் பிரித்தறிய முடியாத மீன் என்பதால், ஜோடி என்று சொல்லி விற்கப்படும் இரண்டு மீன்களை நம்புவதைவிட இது மேல். முட்டையிடும் வேளையில் பெண்ணின் இனப்பெருக்கக் குழல் மழுங்கியும் ஆணுடையது கூராகவும் தெரியும். 29 பாகையில் முட்டைகள் ஏறக்குறைய 60 மணி நேரத்தில் பொரியும். அதற்குப்பின் மூன்று நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கிப் பெற்றோரின் உடலில் ஒட்டிக்கொள்ளும்.

ஆற்றில் பிடித்ததா, அதன் முதல் தலைமுறைக் குஞ்சா என்ற தெரிவும் முன்னால் வரும். ஆற்று மீன் செவுள் புழுவும் குடல் ஒட்டுண்ணியும் சுமந்தே வருகிறது என்று எடுத்துக்கொண்டு, ஆறு வாரமாவது தனித்தொட்டியில் வைத்து, வெள்ளையாக நூல்போல் தொங்கும் மலத்தைக் கவனித்து மருந்து கொடுக்க வேண்டும். நிறவகை மீன்களோடு உடனே கலந்தால் இரு பக்கமும் நோயில் விழுவதைப் பலர் கண்டிருக்கிறோம். முதல் தலைமுறைக் குஞ்சு தொட்டிக்கும் உறைந்த பிளட்வார்ம் (செம்புழு) இரைக்கும் பழகியது. ஹெக்கல் ஆசை விடவில்லை என்றால் இந்த வழியில் செல்வதே நல்லது. பழுப்பில் ஆற்று மீனையே வாங்கலாம்.

குஞ்சுகளைப் பெற்றோரிடம் விடுவதா, பிரித்தெடுத்து, கிண்ணத்தின் சுவரில் முட்டைக்கரு பூசி ஊட்டி வளர்ப்பதா என்ற கேள்வியில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. டிஸ்கஸ் தன் தோலில் சுரக்கும் சளியைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் மீன். முட்டையிடும் காலத்திலிருந்து அந்தச் சளியில் புரதமும் எதிர்ப்புப் பொருளும் உயர்வதையும், மூன்றாம் வாரத்தில் பெற்றோர் குஞ்சுகளை விட்டு விலகி நீந்தத் தொடங்குவதையும் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. தாய்ப்பால் மறக்கடிப்பதைப் போன்ற அந்தக் காட்சியைத் தொட்டியின் முன் உட்கார்ந்து பார்த்தவர்கள், குஞ்சுகளைக் கிண்ணத்தில் வளர்க்க மனம் ஒப்பமாட்டார்கள். நீந்தத் தொடங்கிய நான்காம் ஐந்தாம் நாளிலிருந்து, அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா எனும் நுண்ணிய இறால் வகையையும் கொடுக்கலாம். பெற்றோர் முட்டை தின்னும் பழக்கமுள்ளவையாக இருந்தால் கோனின்மேல் கம்பிவலை போர்த்துங்கள். அதுவும் உதவாவிட்டால், அதே நாட்களில் முட்டையிட்ட நிறவகை ஜோடி ஒன்றைச் செவிலியாக்கலாம்.

மென்மையான தண்ணீரின் தேவை குஞ்சுகள் பிரிந்ததோடு முடிகிறது. மூன்று வாரத்துக்குப்பின் நாளும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டியிருக்கும், அதற்கு ஆர்.ஓ. நீரோடு குழாய் நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கலந்துகொண்டே வரலாம். வளரும் எலும்புக்கு அந்தச் சுண்ணம் நல்லதே.

மூன்று வகைகளையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். அவை தயங்காமல் கலந்து இனம்பெருக்கும், குஞ்சுகளும் மலடாகா. எல்லைகள் சந்திக்கும் ஆறுகளில் இயற்கையிலேயே இந்தக் கலப்பு உண்டு என்றாலும், வீட்டில் நேரும் கலப்பு எந்த ஆற்றுக்கும் உரியதன்று. வளர்ந்த குஞ்சுகளைக் கைமாற்றும்போது, பெற்றோர் எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டு வந்தவை, இவை எத்தனையாம் தலைமுறை என்பதைப் பையின் மேலேயே எழுதிக் கொடுங்கள்.