ஆச்சியின் தாலாட்டும் 1978 சிந்தசைசரும்: நான்கு ஆண்டு அனுபவம்

கோர்க் எம்எஸ்-20, மின்சுற்றுகளால் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர், என்னிடம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 1978இல் வெளிவந்த மாதிரி. ஆச்சி பாடும் தாலாட்டை அதில் வாசித்துப் பதிவு செய்வதற்காகவே வாங்கினேன். ஜப்பானில் விற்ற கருவி என்பதால் 100 வோல்ட்டில் ஓடும். இங்கே மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் செருகவே கூடாது.

முதல் ஆண்டு முழுக்கக் கட்டைகளில் வாசித்துப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். தாலாட்டுக்கு அது போதும். ஆனால் 'ஆராரோ' என்று ஆச்சி இழுக்கும்போது குரல் வழுக்கி இறங்கி, பாதி வழியில் ஒரு கணம் தங்கும். போர்ட்டமென்டோ குமிழைத் திருகினால் வழுக்கல் கிடைக்கிறது, தங்கல் கிடைப்பதில்லை. அந்தத் தங்கலில்தான் பிள்ளை கண் சொருகும்.

வெளியிலிருந்து வரும் குரலின் சுருதியை மின்னழுத்தமாக மாற்றி, கருவியை அந்தச் சுருதியிலேயே ஒலிக்கவைக்கும் பகுதி ஒன்று இந்தக் கருவியில் உண்டு. அதைத் தொட எனக்கு இத்தனை நாள் ஆனது பெரிய வருத்தம். சொற்களோடு பாடிய பதிவைச் செலுத்தினால், 'ச' வரும் இடங்களில் சுரம் தாறுமாறாகத் துள்ளியது. வாயை மூடி முனகித் தரும்படி ஆச்சியிடம் கேட்டேன். மேல் அதிர்வுகளை வடிகட்டி, அளவைச் சரிபார்க்க மூன்று மாலைகள் போயின. மூன்றாம் மாலை கருவி ஆச்சியோடு இறங்கியது, பாதியில் தங்கியது, பிறகு அடங்கியது. நான் பதிவை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆதார சுருதிக்கு இன்னொரு சிந்தசைசர், 1982இன் ரோலண்ட் எஸ்எச்-101. பேட்டரியிலும் ஓடுவதால் மின்வெட்டில் கைகொடுக்கிறது.

அனலாக் சுற்றுகளின் சுருதி வெப்பம் மாறும்போது விலகும். மே மாதத்தில் அரை மணி நேரம் சூடேறவிட்டுத்தான் தொடங்குகிறேன்; ஒவ்வொரு பதிவுக்கும் முன் சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்க்கிறேன். எம்எஸ்-20இல் ஒலியைச் சேமிக்கும் வசதி கிடையாது. குமிழ்களையும் கம்பி இணைப்புகளையும் படம் எடுத்து வைத்தாலும் போன வாரத்து ஒலி அப்படியே திரும்புவதில்லை. பழைய குமிழ்கள் கரகரக்கும்; ஆண்டுக்கு ஒருமுறை மின்தொடர்பு முனைகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும். திருத்த நேரமில்லாதவர்கள் இந்தக் கருவிகளை வாங்க வேண்டாம்.

தாலாட்டின் நான்கு கண்ணிகளில் மூன்று முடிந்துவிட்டன. நான்காவதின் நடுவே ஆச்சி இருமுகிறார். கருவி அதையும் ஒரு சுரமாகப் பிடித்துக்கொண்டது. அதை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.